சாந்தோம் முற்றுகையும் புதுச்சேரியும்

சென்னைத் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை விட்டுக் கிழக்கே திரும்பி, எல்டாம்ஸ் சாலை வழியாக ஆழ்வார்ப்பேட்டையைக் கடந்து, லஸ் என்னும் இடத்தையும் மயிலைக் கபாலீச்சரத்தின் பக்கத்தையும் தாண்டி நடப்போர், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடற்கரையை அடைவர். அங்குள்ள ஊர்ப்பகுதி சாந்தோம் எனப் பெயர் பெறும். வெண்ணிறமான உயர்ந்த கோபுரத்தையுடைய கிறித்தவத் திருக்கோயில் ஒன்று அங்கே விளங்குகின்றது. அதனைச் சுற்றி ஒரு காலத்தில் மதிலும் கொத்தளமும் சூழ்ந்த கோட்டை நகரம் ஒன்று இருந்ததென்பதை, இன்று அவ்வழியே செல்பவர் அறிதல் அரிது. அந்நகரத்தில் 1672 ஆம் ஆண்டு முதல் 1674 ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு அரசரின் கொடி பறந்தது. பிரெஞ்சுக்காரர் அதனைப் படைவலியாற் பெற்றனர், பசியால் இழந்தனர். அவர்கள் பசி தீர்க்க உணவு தேடிச் சென்ற இடமே பின்னர்ப் புதுச்சேரி நகரமாயிற்று.

மேனாட்டாரைத் தமிழர் பறங்கியர் என்று வழங்கினர். இச்சொல்லின் வரலாறு சுவையுடையது. பிரான்சு நாட்டிற்குப் பெயர் தந்த பிராங்கர் என்னும் பழங்குடியின் பெயரே அரபு மொழியிலும் பாரசீக மொழியிலும் திரிந்து, 'பறங்கி' என்று நம்மிடம் வந்து சேர்ந்தது. ஆயினும் அப்பெயரை முதலில் இங்குத் தாங்கியவர் பிரெஞ்சுக்காரர் அல்லர், போர்த்துக்கீசியரே ஆவர். பறங்கிப்பேட்டை, பறங்கிமலை என்னும் ஊர்ப்பெயர்கள் அவர்களால் வந்தவை. பெயருக்கு உரியவர் கடைசியாக வந்து சேர்ந்தனர்.

போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மயிலாப்பூர்க் கடற்கரையில் குடியேறினர். ஏசுநாதரின் மாணாக்கருள் ஒருவராகிய தோமையார் அடங்கிய இடம் அது என்பது கிறித்தவரின் நம்பிக்கை. ஆதலின் தம் ஊருக்குச் 'சான் தோமே' என்று பெயரிட்டனர். தமிழ் நா அதனைச் சாந்தோம் ஆக்கிற்று. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வந்து அமர்ந்தனர். 1639 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சாந்தோமுக்கு வடக்கே, அரைக் காதத்தினும் குறைந்த தொலைவில், சென்னைக் கோட்டைக்கு நிலம் பெற்றனர். போர்த்துக்கீசியரின் வலி குன்றியபோது, கோல்கொண்டா சுல்தானின் படை 1662 ஆம் ஆண்டில் சாந்தோமைக் கைக்கொண்டது. பிரெஞ்சுக்காரருக்கென்று சோழமண்டலக் கரையில் அதுவரை ஒரு சாண் நிலமும் இல்லை.

அவர்கள் கடலோடுதலில் பிற்பட்டவர் என்று இதனாற் கருதிவிடலாகாது. சாக்கு கார்த்தியே என்னும் மாலுமி 1534 ஆம் ஆண்டிலேயே வட அமெரிக்காவின் செயிண்டு லாரன்சு வளைகுடாவை அடைந்தார். சாம்ப்ளேன் என்பவர் 1608 ஆம் ஆண்டில் கியூபெக் நகரை நிறுவினார். 1635 ஆம் ஆண்டில் மார்த்தினிக்கு, குவாதலூப்பு என்னும் தீவுகளில் பிரெஞ்சுக் குடியேற்றங்கள் தோன்றின. பனி படர்ந்த கானகத்தில் மென்மயிர்த் தோலும், வெப்ப நாட்டுத் தீவுகளில் புகையிலையும் கரும்பும் தேடிய அவர்களுக்குக் கீழ்த்திசையின் மிளகும் துணியும் எட்டாக் கனிகளாகவே இருந்தன. இக்குறையைப் போக்க எண்ணிய பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர், 1664 ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் குழு ஒன்றை ஏற்படுத்தினார். ஒல்லாந்தரின் குழுவையும் ஆங்கிலேயரின் குழுவையும் வணிகர் தம் ஊதியம் கருதித் தோற்றுவித்தனர். பிரெஞ்சுக் குழுவோ அரசரின் விருப்பத்தாற் பிறந்தது. அரசரின் கருவூலத்தை நோக்கியே வளர்ந்தது. பிற்காலத்தில் அதற்கு நேர்ந்த இடர்களுட் பலவற்றிற்கு இதுவே வேராயிற்று எனலாம்.

குழுவின் முதல் முயற்சி மடகாஸ்கர்த் தீவில் நிகழ்ந்தது. அத்தீவின் தென்கோடியில் பிரெஞ்சுக்காரருக்கு முன்னரே ஒரு கோட்டை இருந்தது. அங்கே குடியேறியவர்கள் அயலிலிருந்த மக்களின் ஆநிரைகளைக் கவர்ந்தும், அவர்களோடு ஓயாது பொருதும் வாழ்ந்தனர். அதனால் உழவும் வணிகமும் தழைக்கவில்லை. 1665 ஆம் ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த குழுவின் ஊழியருள் பிரான்சுவா மர்த்தேன் என்பவர் ஒருவர். அவர் பாரிசு நகரிற் பிறந்தவர். உயர்குடிச் செல்வர் அல்லர். மளிகைக் கடையில் வேலை பார்த்துப் பொருள்களின் தரமும் விலையும் அறிந்தவர். மடகாஸ்கரில் நேர்ந்த கேட்டையெல்லாம் அவர் கண்ணாரக் கண்டார். பின் சூரத்துக்கும், அங்கிருந்து மசூலிப்பட்டினத்துக்கும் அனுப்பப்பட்டார். 1668 ஆம் ஆண்டில் சூரத்திலும், 1669 ஆம் ஆண்டில் மசூலிப்பட்டினத்திலும் குழுவின் பண்டகசாலைகள் திறக்கப்பட்டிருந்தன.

பண்டகசாலைகளால் மட்டும் மனநிறைவு கொள்ளாத லூயி மன்னர், 1670 ஆம் ஆண்டில் போர்க்கப்பல்கள் பலவற்றைத் தெ லா ஹே என்னும் தளபதியின் தலைமையில் கிழக்கே ஏவினார். தம் கொடியின் பெருமையை இந்நாட்டு மன்னர்க்குக் காட்டுவதும், ஒல்லாந்தரின் ஆட்சி ஓங்கியிருந்த கடற்கரையில் ஓர் இடம் பற்றுவதும் அரசரின் நோக்கம். 1672 ஆம் ஆண்டில் அக்கப்பல்கள் இலங்கையின் திருகோணமலைத் துறையை அடைந்தன. ஒல்லாந்தர்மீது வெறுப்புற்றிருந்த கண்டி அரசர் இரண்டாம் இராசசிங்கர் பிரெஞ்சுக்காரரை வரவேற்றார். வாய்த்தற்கரிய வாய்ப்பு அது. ஆயின் கண்டிக்குத் தூது சென்ற லானரோல் என்னும் பிரபு, அரண்மனை வாயிலில் குதிரையை விட்டு இறங்காது சென்றார். அரசர் அழைக்கும்வரை காத்திருக்கப் பொறாது விடைபெறாமலே திரும்பினார். வெகுண்ட அரசர் அவரைப் பிடித்துத் தளையிட்டார். அவர் மீண்டும் தம் நாட்டைக் காணவில்லை. அவர் வழியினர் இலங்கையிலேயே நிலைத்தனர். ஒல்லாந்தரின் கப்பற்படையும் நெருங்கிவரவே, தெ லா ஹே திருகோணமலையை விட்டு நீங்கினார். அங்கே அவர் விட்டுச் சென்ற சிலரை ஒல்லாந்தர் சிறைப்படுத்தினர்.

நோயாலும் உணவுக் குறைவாலும் நலிந்த கப்பல்கள் 1672 சூலைத் திங்களில் சாந்தோம் கடலில் நங்கூரம் பாய்ச்சின. தெ லா ஹே உணவுப் பொருள் வேண்டி ஆளனுப்பினார். கோல்கொண்டாவின் அதிகாரிகள் மறுத்தனர். அவர்கள் மறுத்தமைக்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. பீரங்கிகளுடன் அழையாது வந்த கப்பல்களுக்குச் சோறிட யார்தாம் துணிவர்? தளபதியோ அதனைத் தம் மன்னருக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொண்டார். சூலை 25 ஆம் நாள் பிரெஞ்சுப் படை கரையிறங்கி மதிலேறி நகரைக் கைப்பற்றியது.

வெற்றி எளிதில் வந்தது. அதனைக் காப்பதோ அத்துணை எளிதன்று. மதில் சூழ்ந்த அச்சிறு நகருக்குள் வயலில்லை, ஏரியில்லை. நெல்லும் ஆடும் விறகும் மதிலுக்கு வெளியேயுள்ள ஊர்களிலிருந்து வருதல் வேண்டும். அவ்வூர்களெல்லாம் கோல்கொண்டா சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டவை. சுல்தானின் படை நகரை வளைத்துக்கொண்டவுடனே, கைப்பற்றியவர் கையகப்பட்டவர் ஆயினர். பிரெஞ்சுக்காரர் ஆண்மையிற் குறைந்தவர் அல்லர். பன்முறை வெளிப்போந்து முற்றுகையிட்டோரைச் சிதற அடித்தனர். திருவல்லிக்கேணிவரை சென்று, அங்குள்ள பெருமாள் கோயிலின் மதிலையே சிலகாலம் காவலரணாக்கிக் கொண்டனர். வழிபாட்டுக்குரிய மதிலகம் வெடிமருந்தும் வேற்றுப்படையும் தங்கும் இடமாயிற்று. இரு பேரரசரின் மானமும் ஒரு தளபதியின் சினமும் மோதிய இடத்தில், மயிலையிலும் திருவல்லிக்கேணியிலும் வாழ்ந்த எளிய மக்கள் பட்ட துன்பத்தை எழுதிவைத்தவர் இலர்.

சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயரின் நிலை விந்தையானது. அப்போது ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் கூட்டாக ஒல்லாந்தரை எதிர்த்துப் போர் புரிந்தன. அம்முறையில் சாந்தோமிலிருந்தவர் ஆங்கிலேயரின் நண்பர். ஆனால் சென்னை அமைந்த நிலமோ கோல்கொண்டா சுல்தானின் ஆட்சிக்குட்பட்டது. நண்பருக்கு வெளிப்படையாக உதவினால் நிலக்கிழவரின் சினத்துக்கு ஆளாக நேரும். அன்றியும், துணி வணிகத்தில் புதிய போட்டியாளர் ஒருவர் பக்கத்திலேயே வேரூன்றுவதை எந்த வணிகர் விரும்புவர்? ஆகவே ஆங்கிலேயர் இன்சொற் கூறி ஒதுங்கியிருந்தனர்.

இந்நிலையில்தான் தெ லா ஹே, பெலாஞ்சே தெ லெஸ்பினே என்னும் இளைஞரைத் தெற்கே அனுப்பினார். செஞ்சிக்குத் தெற்கே பீசப்பூர் சுல்தானின் ஆட்சிப் பகுதி இருந்தது. அதன் ஒரு பகுதியை வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்டவர் சேர்கான் லோடி. வாலிகண்டபுரம் இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளது. பெலாஞ்சே பறங்கிப்பேட்டையில் இறங்கி உள்நாட்டு வழியே சென்று, 1673 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சேர்கானைக் கண்டார். கண்டியிற் சென்ற தூதர் செய்த பிழையை இவர் செய்யவில்லை. அவையின் முறையறிந்து அமர்ந்தார். கேட்கவேண்டியதைப் பணிவோடு கேட்டார். அதே அவையில் ஒல்லாந்தரின் தூதரும் இருந்தார். பிரெஞ்சுக்காரருக்கு இடம் தரலாகாது என்று அவர் வாதாடினார். சேர்கான் இருவர் உரையையும் கேட்டார். ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஐரோப்பாவில் அண்டை நாட்டினராய் வாழ்வதுபோல இங்கும் அண்டையராகவே வாழலாம் என்று கூறி, கடற்கரையிலிருந்த புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தார் என்று பெலாஞ்சே தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். சேர்கானின் விடையில் நகைச்சுவையும் உண்டு. அரசியல் நுட்பமும் உண்டு. ஒருவரையே நம்பியிராமல் இரு வணிகரைத் தம் கடற்கரையில் போட்டியிட வைத்தால், சுங்கமும் பெருகும். வேண்டியபோது கடனும் கிடைக்கும்.

1673 பிப்ரவரி 4 ஆம் நாள் பெலாஞ்சே புதுச்சேரியில் வந்து அமர்ந்தார். புதிய சேரி என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். சேரி என்னும் சொல் முற்காலத்தில் மக்கள் சேர்ந்து வாழும் எந்த ஊரையும் குறித்தது. ஊரின் பெயர் புதிதாயினும் அக்கடற்கரையின் வணிகம் புதிதன்று. அதற்குச் சற்றுத் தெற்கேயுள்ள அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டில் நிகழ்ந்த அகழாய்வு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உரோம நாட்டுக் கலங்கள் அங்கு வந்திறங்கியதைக் காட்டியது. பெலாஞ்சே கண்ட புதுச்சேரியோ நெசவாளரும் மீனவரும் வாழ்ந்த சிற்றூர். ஆயினும் அங்கே அரிசி விலைக்குக் கிடைத்தது. அதனை விற்பவர் பகைவர் அல்லர். சாந்தோமின் மதிலுக்குள் இல்லாத செல்வம் அதுவே.

புதுச்சேரியில் திரட்டிய உணவுப் பொருள்கள் கடல்வழியே சாந்தோமுக்குச் சென்றன. சோழமண்டலக் கரையின் இயல்பை அறிந்தோர்க்கே அப்பணியின் அருமை புலப்படும். இக்கரையில் கப்பல்கள் ஒதுங்குதற்கு ஏற்ற துறைமுகம் அக்காலத்தில் இல்லை. பெருங்கலங்கள் தொலைவில் நின்றன. அலைகள் மடிந்து விழும் இடத்தைக் கடந்து மூட்டைகளைக் கரை சேர்த்தவை, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே. அலை மோதும்போது அப்படகு நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி அறைந்த படகோ பிளந்துவிடும். அவற்றை ஓட்ட நம் நாட்டுப் படகோட்டிகளால் மட்டுமே இயலும். ஆண்டின் நடுப்பகுதியில் தென்காற்றும் நீரோட்டமும் வடக்கு நோக்கிச் செல்லும் படகுக்குத் துணை செய்யும். ஐப்பசியில் வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டாலோ நீரோட்டம் திரும்பிவிடும், புயலும் எழும். அதற்கு அஞ்சிப் பெருங்கப்பல்கள் கரையையே விட்டு விலகும். எனவே, சாந்தோமில் இருந்தவர்களுக்குப் பகைவரைப் போலவே பருவமும் ஒரு முற்றுகையாயிற்று.

1673 ஆம் ஆண்டில் ஒல்லாந்தரின் கப்பற்படை வந்து கடல்வழியையும் அடைத்தது. நிலத்தில் கோல்கொண்டாவும் நீரில் ஒல்லாந்தரும் சூழ்ந்துகொள்ள, நகரம் நாளுக்கு நாள் மெலிந்தது. அவ்வாண்டில் பிரான்சிலிருந்து தரைவழியே ஓலை தாங்கி வந்த காரே என்னும் பாதிரியார் அங்கு வந்து பார்த்து, கண்டவற்றை எழுதி வைத்துள்ளார். பிரான்சிலிருந்து எதிர்பார்த்த பெரும்படை வரவேயில்லை. ஐரோப்பாவிலேயே போரில் சிக்கிய மன்னருக்குச் சாந்தோம் தொலைவிலுள்ள சிறுபுள்ளியாய்த் தோன்றியிருத்தல் வேண்டும். 1674 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து ஒல்லாந்தரோடு அமைதி செய்துகொண்டது, அத்துணையும் அற்றது. இரண்டாண்டுக்கு மேல் பொறுத்த தெ லா ஹே, 1674 செப்டம்பர் 6 ஆம் நாள் உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். எஞ்சிய வீரர் படை மரியாதையுடன் வெளியேறித் தாய்நாடு திரும்ப ஒல்லாந்தர் இசைந்தனர். நகரம் கோல்கொண்டா சுல்தானிடம் சேர்ந்தது. மீண்டும் ஒரு மேனாட்டார் புகுந்து அமராதபடி அதன் மதில்களை இடிக்குமாறு சுல்தான் கட்டளையிட்டார். சாந்தோமின் கோட்டை இன்று கண்ணுக்குப் புலப்படாமைக்குக் காரணம் அதுவே. அதே 1674 ஆம் ஆண்டில் மடகாஸ்கர்க் கோட்டையையும் பிரெஞ்சுக்காரர் கைவிட்டனர்.

அரசரின் பெருங்கப்பற்படையால் எஞ்சியது எதுவெனின், சேர்கான் அளித்த சிற்றூர் ஒன்றே. 1674 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு அனுப்பப்பட்டிருந்த மர்த்தேனிடம் ஏறத்தாழ அறுபது பிரெஞ்சுக்காரரே இருந்தனர். மதில் இல்லை, கப்பல் இல்லை, நாட்டிலிருந்து ஒழுங்காக மடலும் வரவில்லை. கையிலிருந்த சிறிது பணத்தைக் கொண்டு அவர் என்ன செய்தார் என்பதே கருதத்தக்கது. பீரங்கி வாங்கவில்லை. சேர்கானுக்குப் பணம் தேவைப்பட்டபோது வட்டிக்குக் கடன் கொடுத்தார். கடன் பட்டவர் கடன் கொடுத்தவரை எளிதில் ஊரைவிட்டு ஓட்டமாட்டார் அன்றோ? நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி நெய்வித்தார். முன்பணம் பெற்ற நெசவாளர் ஊரிலேயே தங்கினர். அவரைச் சார்ந்து சாயம் தோய்ப்போரும் தரகரும் கடைக்காரரும் வந்து சேர்ந்தனர். நகரம் ஒன்று இவ்வாறே வளர்கின்றது.

சோதனைகள் பல வந்தன. 1677 ஆம் ஆண்டில் சிவாஜி மன்னர் பெரும்படையுடன் தமிழ்நாட்டினுள் புகுந்து செஞ்சியைக் கைக்கொண்டார்; திருவதிகைப் பக்கத்தில் சேர்கானை முறியடித்தார். புரவலர் வீழ்ந்தார், புதுச்சேரி என்னாகுமோ என்னும் அச்சம் எழுந்தது. மர்த்தேன் அந்தணர் ஒருவரைச் சிவாஜியிடம் தூது விடுத்தார். பிரெஞ்சுக்காரர் எப்பக்கமும் சேராது ஒதுங்கியிருப்பின் அவ்வூரிலேயே வாழலாம் என்று சிவாஜி இசைந்தார். தெ லா ஹே படையால் பெற்றதை இழந்தார். மர்த்தேன் படையே இல்லாமல், இருந்ததைக் காத்துக்கொண்டார்.

ஆயினும் பணிவும் வணிகமும் எல்லாப் பகையையும் வெல்லும் என்று கூறுவதற்கில்லை. ஒல்லாந்தர் செஞ்சியிலிருந்த இராசாராம் மன்னரிடம் பொருள் கொடுத்துப் புதுச்சேரியின் உரிமையை வாங்கிக்கொண்டு, 1693 ஆம் ஆண்டில் பெரும் கப்பற்படையுடன் வந்து ஊரைக் கைப்பற்றினர். மர்த்தேன் சிறைப்பட்டார், இருபதாண்டு உழைப்பு ஒரு திங்களில் பறிபோயிற்று. ஐரோப்பாவில் 1697 ஆம் ஆண்டில் ரிஸ்விக்கு என்னுமிடத்தில் உடன்படிக்கை ஏற்பட்டபின், 1699 ஆம் ஆண்டில் புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. இடைக்காலத்தில் ஒல்லாந்தர் கட்டிய அரண்களுக்காக 16,000 வராகன் கொடுக்கவேண்டியிருந்தது. முதியவராகிய மர்த்தேன் மீண்டும் வந்தார். 1701 ஆம் ஆண்டில் புதுச்சேரி இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்களுக்கெல்லாம் தலைநகராயிற்று. 1706 ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவர் அங்கேயே உயிர் துறந்தார். அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள், அக்காலத் தமிழ்நாட்டின் அரசியலையும் பஞ்சங்களையும் வணிகத்தையும் அறிய இன்றும் பயன்படுகின்றன.

அவருக்குப் பின் மாகி, ஏனாம், காரைக்கால் ஆகிய ஊர்கள் பிரெஞ்சுக்காரர் வசமாயின. காலம் செல்லச் செல்ல, வணிகர் மீண்டும் படைத்தலைவர் ஆயினர். 1746 ஆம் ஆண்டில் லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். அதனை மீட்க ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூசுகான் ஏறத்தாழப் பதினாயிரம் வீரருடன் வந்து, சாந்தோமுக்கு அருகே அடையாற்றின் கரையில் நின்றார். பராதி என்னும் தளபதியின் கீழ் ஆயிரத்துக்கும் குறைவான பிரெஞ்சுக்காரரும் நாட்டுச் சிப்பாய்களும் ஆற்றைக் கடந்து தாக்கி, அப்பெரும்படையைச் சிதறடித்தனர். எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பசியால் தோற்ற இடத்திற்கு அருகிலேயே பிரெஞ்சுக்காரர் பயிற்சியால் வென்றனர். இவ்வெற்றியும் நிலைக்கவில்லை. 1748 ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி பிரான்சு சென்னையைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கு ஈடாக வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபூர்க்குக் கோட்டையைப் பெற்றது. பூவிருந்தவல்லிச் சாலையையும் மயிலைக் குளத்தையும் அறியாத அமைச்சர்கள், மேசைமீது விரித்த படத்தில் சென்னையைப் பனிக்கடலின் கோட்டை ஒன்றோடு மாற்றிக்கொண்டனர்!

1749 ஆம் ஆண்டில் சென்னையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், அவ்வாண்டிலேயே சாந்தோமையும் மயிலாப்பூரையும் தம்முடையனவாக்கிக் கொண்டனர். பிரெஞ்சுக்காரர் மறுமுறை அங்கு வந்து அமர்ந்துவிடுவர் என்னும் அச்சமே அதற்குக் காரணம். 1761 ஆம் ஆண்டில் அவர்கள் புதுச்சேரியையும் பிடித்து அதன் கட்டடங்களைத் தரைமட்டமாக்கினர். 1763 ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கை பிரான்சிடமிருந்து கனடாவைப் பறித்தது. புதுச்சேரியைத் திருப்பித் தந்தது. மர்த்தேன் காலத்தைப் போலவே நெசவாளரும் வணிகரும் திரும்பி வர, இடிபாடுகளின்மேல் ஊர் மீண்டும் எழுந்தது. 1954 நவம்பர் 1 ஆம் நாள் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கின் ஆட்சியும் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1962 ஆகஸ்டு 16 ஆம் நாள் அவை சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தன.